நாயேனும் நாயும்: மாற்கு 7:24–30 குறித்து ஒரு வாசிப்பு

1

இயேசு ஒரு பெண்ணை நாய் என்று சொன்னார். விவிலியம் படித்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனாலும் இப்படி மொட்டையாக எழுதிப் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. உடனே ஒரு 'ஆனால்' போட்டுத்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடிகிறது. அந்த 'ஆனால்'களின் அரசியலைப் பற்றித்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

மாற்கு சொல்லும் கதை சின்னது. கலிலேயாவை விட்டு வடக்கே, தீரு நகரத்தின் எல்லைப்புறத்துக்கு இயேசு போகிறார். யாருக்கும் தெரியாமல் ஒரு வீட்டுக்குள் இருந்துவிட நினைக்கிறார், முடியவில்லை. பேய் பிடித்த சின்ன மகளை வீட்டில் விட்டுவிட்டு ஒரு தாய் வந்து காலில் விழுகிறார். கிரேக்கர், பிறப்பால் சீரோபேனிக்கியர், அதாவது யூதரல்லாதவர். முதலில் வீட்டுப் பிள்ளைகள் வயிறார உண்ணட்டும், அவர்கள் பங்கை நாய்க்குட்டிகளுக்கு எறிவது தகாது என்கிற பொருளில் இயேசு மறுக்கிறார். தாய் திரும்பிப் போகவில்லை. மேசைக்கடியில் கிடக்கும் நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்துவதைத் தின்னத்தானே செய்கின்றன என்று கேட்கிறார். இந்தப் பேச்சுக்காகவே உன் மகள் குணமானாள் என்று சொல்லி இயேசு அனுப்பிவைக்கிறார். மொத்தம் ஏழே வசனங்கள். மத்தேயுவும் 15ஆம் அதிகாரத்தில் இதே கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்.

மேலே போவதற்கு முன் ஒரு சின்ன விஷயம். கிரேக்கத்தில் 'அவள்', 'அவர்' என்ற மரியாதை வேறுபாடு கிடையாது. தமிழுக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். புரொட்டஸ்டண்டு ஆலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் இயேசுவை 'அவர்' என்றும் இந்தத் தாயை 'அவள்' என்றும் எழுதியது. மூலத்தில் இல்லாத ஒரு படிக்கட்டு தமிழில் வந்து சேர்ந்தது. 1995இல் வெளியான திருவிவிலியம் கொஞ்சம் இறங்கி வந்து மத்தேயுவின் கதை முடிவில் 'அம்மா' என்று விளிக்கிறது. விளிப்பில் மரியாதை வந்துவிட்டது, நாய்க்குட்டி அப்படியே இருக்கிறது. இக்கட்டுரையில் இருவரையும் 'அவர்' என்றே எழுதுகிறேன். பெயர் தரப்படாதவர் என்பதால் அவரைத் 'தாய்' என்று குறிப்பிடுகிறேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டபோது விவாதம் இரண்டாகப் பிரிந்தது. தலித் இயக்கத்தில் வேலை செய்யும் நண்பர் சொன்னார்: "எச்சிச் சோத்தக் கேட்டு வாங்குனதப் போயி நாம எதுக்குத் தோழர் கொண்டாடணும்? எங்க பாட்டி வாங்குனதே போதும்." மருத்துவமனை ஒன்றில் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ள அங்க கெடக்குது தம்பி. அந்த நேரத்துல நாய்னா என்ன, பேய்னா என்ன? அவரு சொன்ன வார்த்தைய எடுத்து அவருகிட்டயே திருப்பிக் குடுத்துட்டா பாரு, அத விட்டுட்டியே." சுயமரியாதையா, சாமர்த்தியமா என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் இருவருமே பிரதியின் இரண்டு வெவ்வேறு இடங்களைச் சரியாகத் தொட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

2

பிரசங்கங்களிலும் விளக்கவுரைகளிலும் வழக்கமாக வரும் 'ஆனால்'கள் மூன்று.

முதலாவது, யூதருக்கு முதலில், பிறருக்குப் பிறகு என்கிற மீட்பின் வரிசை. இது விளக்கம் அல்ல. நாய் என்ற சொல் ஏன் வந்தது என்பதைப் பற்றி இது வாயே திறப்பதில்லை.

இரண்டாவது, இயேசு அவருடைய விசுவாசத்தைச் சோதித்தார் என்பது. பிரதியில் இதற்கு ஒரு சொல்கூட ஆதாரம் கிடையாது. மற்ற இடங்களில் சோதித்தல் என்றால் சோதித்தல் என்று நற்செய்தியாளர்கள் எழுதத் தெரிந்தவர்கள்தான். இருந்தும் இந்த விளக்கம் தமிழ் வாசகருக்கு உறுத்தாமல் இறங்குகிறதென்றால் அதற்கு நம் மரபில் காரணம் இருக்கிறது. பிள்ளைக்கறி கேட்ட சிவனையும், மகனை அறுத்துச் சமைத்துப் பந்தி போட்ட சிறுத்தொண்டரையும் கேட்டு வளர்ந்த சமூகம் இது. பிள்ளையை வைத்துப் பெற்றோரைச் சோதிக்கும் கடவுள் நமக்குப் பழகியவர். சேக்கிழாரின் சட்டத்துக்குள் மாற்கை வைத்துப் பார்த்துக்கொண்டு அதைக் கிறிஸ்தவ வியாக்கியானம் என்று நம்புகிறோம்.

மூன்றாவதுதான் மொழி சார்ந்தது. கிரேக்கத்தில் இருப்பது குயோன் (நாய்) அல்ல, அதன் குறுமை வடிவமான குனாரியோன் (நாய்க்குட்டி). எனவே இது தெருநாய் இல்லை, வீட்டில் செல்லமாக வளர்க்கும் குட்டி, வசவு இல்லை என்கிறார்கள். தமிழில் 'நாய்க்குட்டி' என்றதும் இந்த வாதத்துக்குக் கூடுதல் பலம் கிடைத்துவிடுகிறது. 'குட்டி' நமக்குக் கொஞ்சும் சொல்.

சின்னச் சொல்லெல்லாம் செல்லச் சொல்லா? அறுபது வயது மனிதரைப் பத்து வயதுப் பையன் 'வாடா', 'போடா' என்று கூப்பிட்ட ஊர்கள் இவை. வயதான மனிதர் கடைசிவரை 'பையன்', 'பய' என்றே அழைக்கப்பட்டதை நாம் அறிவோம். ஆளை வளரவிடாமல் வைத்திருப்பதற்கும் குறுமை விகுதி பயன்படும். மாற்கின் இந்த ஏழு வசனங்களில் மகள், பிள்ளை, நாய், துணுக்கு என எல்லாமே குறுமை வடிவத்தில் வருகின்றன. நாய்க்கு மட்டும் அதிலிருந்து தனிச் செல்லம் கறக்க முடியாது.

3

தமிழ்ப் பிரசங்க மேடையில் இந்தப் பகுதிக்குக் கிடைக்கும் தலைப்பு பெரும்பாலும் 'தாழ்மை'. நகரத்து ஆலயம் ஒன்றில் நான் கேட்ட பிரசங்கத்திலும் அதுதான். "தன்னை நாய் என்று ஒத்துக்கொண்டாள், ஆசீர்வாதம் பெற்றாள்." பிரசங்கியார் நல்ல மனிதர்தான். இந்த வாக்கியத்தை அவராக உருவாக்கவில்லை. தமிழ்ப் பக்தி மொழி அவருக்காக உருவாக்கி வைத்திருக்கிறது.

திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தம்மை 'நாயேன்', 'நாயினேன்', 'நாயடியேன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார். இந்தத் தொனி சைவத்தோடு நின்றுவிடவில்லை, தமிழ்க் கிறிஸ்தவப் பாடல் மரபிலும் நுழைந்தது. சிலுவைக்கு முன் நிற்கும் பக்தனும் நாயேன் ஆனான். ஆக 'நாய்' என்ற சொல் விவிலியத்தில் வந்தவுடனே நம் காதில் அந்தப் பழைய சுருதி சேர்ந்துகொள்கிறது.

இலக்கணம் கொஞ்சம் பார்ப்போம். 'நாயேன்' தன்மை ஒருமை. பேசுகிறவர் தாமே தமக்குச் சொல்லிக்கொள்வது. இதையே முன்னிலையில் சொன்னால் 'நாயே'. தன்மையில் பக்தி, முன்னிலையில் வசை. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒற்றெழுத்துதான் இருக்கிறது. ஆனால் சமூகத்தின் முழு நீளமும் அந்த ஒற்றில்தான் இருக்கிறது. மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சர் என்கிறது மரபு. அரியணைக்குப் பக்கத்தில் ஆசனம் இருந்தவர் நாயேன் என்று இறங்கி வருவது ஓர் அனுபவம்; அதன் ஆன்மிகத்தை நான் மறுக்கவில்லை. இறங்குவதற்குப் படி இருந்தால்தானே இறங்க முடியும்? நாய் என்று பிறத்தியாரால் அழைக்கப்பட்டவருக்கு 'நாயேன்' என்பதில் தாழ்மை எங்கே இருக்கிறது? அது வெறும் ஒப்புதல் வாக்குமூலம்.

இனி பிரதிக்கு வருவோம். இயேசு 'நாயே' என்று விளிக்கவில்லை. பழமொழி மாதிரி, படர்க்கையில் நாய்க்குட்டிகளைப் பற்றிச் சொல்கிறார். இது வசவைக் குறைத்துவிடவில்லை. சாதிப் பேச்சும் அதிகமாகப் படர்க்கையில்தான் நடக்கும். "அவங்கள எல்லாம் வெக்கிற எடத்துல வெக்கணும்" என்று எதிரே நிற்பவரின் காதுபடச் சொல்வார்கள். யாரையும் சொல்லவில்லையே என்று பிறகு கையை விரிக்கவும் வசதி.

இங்கேதான் தாயின் பதிலைக் கவனிக்க வேண்டும். அவர் தன்மைக்கு வரவே இல்லை. 'நான் நாய்தான்' என்று அவர் சொல்லவில்லை. அவரும் படர்க்கையிலேயே நாய்க்குட்டிகளைப் பற்றிப் பேசுகிறார். பழமொழிக்குப் பழமொழி. உங்கள் உவமையை நீங்களே முழுசாகப் பார்க்கவில்லையே, அந்த வீட்டில் நாய்க்குட்டியும் பிள்ளை உண்ணும் அதே நேரத்தில்தானே தின்கிறது, 'முதலில்' என்பது எங்கே போயிற்று என்று கேட்கிறார். உவமைக்குள்ளேயே நின்று உவமையை உடைக்கிறார். தன் மேல் வந்து ஒட்டிய சொல்லை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார். 'நாயேன்' அவர் வாயில் இல்லை. அதை அங்கே கொண்டுபோய்ச் செருகியது நம் மேடைகள்.

ஒரு பாடபேதமும் உண்டு. பழைய திருப்புதலில் தாயின் பதில் 'மெய்தான்' என்று ஆரம்பிக்கிறது. மத்தேயுவில் அந்தச் சொல் உறுதியாக இருக்கிறது. மாற்கின் சில பழைய கையெழுத்துப் படிகளில் அது இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இன்றைய கிரேக்கப் பதிப்பாளர்கள் அது மத்தேயுவிலிருந்து மாற்குக்குள் நுழைந்ததாகக் கருதி விட்டுவிடுகிறார்கள். சங்கப் பாடல்களில் ஒரு சொல் மாறினால் பாடலே மாறும் என்று வகுப்பில் படித்தோமே, அதே கதைதான். 'மெய்தான்' போய்விட்டால் ஒப்புதல் போய்விடுகிறது, மிஞ்சுவது பதிலடி.

மத்தேயு செய்த மற்ற மாற்றங்களும் இதே திசையில் போகின்றன. மாற்கில் மகள் குணமாவதற்குக் காரணம் தாயின் 'லோகோஸ்', அவர் சொன்ன வார்த்தை. யோவான் தன் நற்செய்தியை எந்தச் சொல்லோடு தொடங்குகிறாரோ அதே சொல். மத்தேயுவில் அது 'விசுவாசம்' ஆகிவிடுகிறது. மாற்கில் பிள்ளைகள் சிந்தும் துணுக்கு, மத்தேயுவில் எஜமான்களின் மேசையிலிருந்து விழுவதாகிறது. மாற்கில் வார்த்தை, மத்தேயுவில் விசுவாசம், தமிழ் மேடையில் தாழ்மை. ஒரு பெண்ணின் வாதம் மூன்றே படிகளில் பக்தியாக்கப்பட்டுவிட்டது. பெண்ணிய விவிலிய ஆய்வாளர் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா 1992இல் வெளியிட்ட நூலுக்கு 'ஆனால் அவள் சொன்னாள்' என்கிற பொருளில் தலைப்பு வைத்தது இந்தக் கதையை மனதில் கொண்டுதான். நான் மேலே சொன்ன 'ஆனால்'களுக்கு எதிரான 'ஆனால்' அது.

4

இதோடு நிறுத்தினால் நம் ஆயா அம்மா ஜெயித்துவிடுவார். நண்பரின் கேள்வி அப்படியே நிற்கிறது: எச்சில்.

பழைய திருப்புதல் இங்கே கையாளும் சொல் 'துணிக்கை'. எச்சில் இல்லை, மிச்சம் இல்லை, பருக்கையும் இல்லை. துணிக்கை ரொம்பச் சுத்தமான சொல். அதில் வாய் படவில்லை, கை படவில்லை. காய்ந்த அப்பத்திலிருந்து உதிரும் துகளுக்கு அது பொருந்தும். சோறு தின்னும் நாட்டில், தரையில் இலை போட்டு உண்ணும் வீட்டில், பிள்ளை சிந்தியதும் இலையில் மிஞ்சியதும் எச்சில்தான். மேசையும் நம்முடையதல்ல, போர்த்துக்கீசியரோடு வந்த சொல், வந்த சாமான். மேசைக்கு அடியில் நாய் உட்காரும் வீடு தமிழ்க் கிராமத்தில் ஏது? நம்மூரில் நாய் கொல்லைப்புறத்தில், எறியப்படும் இலைக்காகக் காத்திருக்கும். அங்கே நாயோடு மனிதர்களும் காத்திருந்தார்கள் என்பதுதான் நம் சரித்திரம்.

ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் எத்தனையோ விதங்களில் மதிக்கத்தக்கது. மொழிபெயர்ப்பாளர்கள் சூழ்ச்சி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'எச்சில்' என்ற சொல் அந்த இடத்தில் விழுந்திருந்தால் தமிழ்நாட்டில் இந்த வசனத்தை வைத்துத் தாழ்மைப் பிரசங்கம் செய்வது அத்தனை சுலபமாக இருந்திருக்காது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த ருசி தெரியும்.

தெரியும் என்பதற்கு நம்மிடம் ஒரு பிரதி இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' (1992). நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டியின் பாத்திரத்தில், தங்கள் பாத்திரம் பட்டுவிடாமல் எட்ட நின்று பழைய சோற்றைக் கொட்டுகிறார்கள். தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள், கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். பாட்டிக்கு அது இயல்பு. அவர்கள் இல்லாமல் நாம் எப்படிப் பிழைப்பது என்பது பாட்டியின் தர்க்கம். பார்த்துக்கொண்டிருக்கும் பேத்திக்கு அது தாங்கவில்லை. கிறிஸ்தவப் பறையர் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்துக்குள் போய், வெளியே வந்து எழுதிய பெண்ணின் புத்தகம் இது. மாற்கின் தாயும் பாமாவின் பாட்டியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மாற்கின் கதையில் மகள் பேசுவதில்லை. படுக்கையில் கிடக்கிறாள், குணமாகிறாள், அவ்வளவுதான். 'கருக்கு'வில் பேத்தி எழுந்து உட்கார்ந்து பேசுகிறார்.

தமிழில் மாற்கு 7ஐ இனி 'கருக்கு'வைப் பக்கத்தில் வைக்காமல் வாசிப்பது அரைகுறை வாசிப்பு என்றே கருதுகிறேன். பாட்டியின் தந்திரத்தைக் கேவலம் என்று ஒதுக்க முடியாது. அதில்தான் ஒரு தலைமுறை உயிர் பிழைத்தது. அதை இலட்சியமாக்கி அடுத்த தலைமுறைக்குப் போதிக்கவும் முடியாது. தாயின் வாதத்தைக் கொண்டாடுகிற நாம், அந்த வாதம் எந்தக் கூரைக்குக் கீழே நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் உவமையைத் திருப்பினார், மேசையைத் திருப்பவில்லை.

5

இன்னொரு சிக்கல் இருக்கிறது. தாய் = தலித், இயேசு = மேல்சாதி என்று கணக்கை நேர் செய்துவிட ஆசையாக இருக்கும். பிரதி அதற்கு இடம் தரவில்லை.

ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் டைசன் இந்தக் கதையின் பொருளாதாரப் பின்னணியைத் தோண்டியிருக்கிறார். தீரு பணக்காரத் துறைமுக நகரம். அதற்கு வேண்டிய தானியம் கலிலேயா போன்ற உள்நாட்டு நிலங்களிலிருந்து போயிற்று. தீருவும் சீதோனும் தங்கள் உணவுக்கு ஏரோதின் நாட்டை நம்பியிருந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 12:20 சொல்கிறது. கலிலேய உழவர் விளைவித்ததைக் காசுள்ள நகரத்தார் வாங்கித் தின்றார்கள். பஞ்ச காலத்தில் விளைவித்தவர் பட்டினி. அந்தத் தாயோ கிரேக்கர். கிரேக்க மொழியும் பண்பாடும் வாய்த்தவர், வசதியுள்ளவராகவும் இருந்திருக்கலாம். அவருடைய மகள் கிடப்பதற்கு மாற்கு பயன்படுத்தும் சொல் 'கிளினே', கட்டில். 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வரும்போது எழுதிய ஏழையின் படுக்கை, 'கிராபட்டோஸ்', இங்கே இல்லை. அப்படியானால் பிள்ளைகளின் அப்பத்தைப் பற்றிய அந்தக் கடுமையான பேச்சில், அப்பம் பறிபோன ஊர்க்காரரின் கசப்பும் கலந்திருக்கிறது.

இது இயேசுவைக் காப்பாற்றும் வாதமா? இல்லை. ஒடுக்கப்பட்டவர் வாயிலிருந்தும் இழிசொல் வரும் என்பதைத்தான் இது காட்டுகிறது. பட்ட கோபம் நியாயமாக இருக்கும், அது போய் விழுகிற இடம் தவறாக இருக்கும். அந்நேரம் காலடியில் கிடந்தது தீருவின் தானிய வியாபாரி அல்ல, நோயாளிக் குழந்தையின் அம்மா. வெளியார் மேல் வெறுப்பைத் திருப்பிவிடும் அரசியலை இன்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திருப்பூரிலும் சென்னையிலும் கட்டடவேலைக்கும் பின்னலாடை வேலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளரைப் பற்றி நம்மவர்கள், முற்போக்காளர்கள் உட்பட, உதிர்க்கும் சொற்களை ஒரு நாள் குறித்து வைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகளின் அப்பம் என்ற அதே உவமைதான் வருகிறது. கோபத்தின் காரணம் உண்மையாக இருக்கலாம். அதற்கு விலை கொடுப்பது முதலாளியா, மூட்டை தூக்குகிறவரா?

6

யாருக்கு முதலில், யார் மேசையில், யார் கீழே என்ற இந்தக் கேள்வி தமிழகத்தில் உவமையாக இருந்ததில்லை, நிஜமான பந்தியாகவே இருந்திருக்கிறது. நாங்கள் கூடிப் பேசுகிற சிந்தாதிரிப்பேட்டையே ஒரு எல்லைக்கோட்டோடு பிறந்த ஊர். 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து ஓடுகிற இடத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை. நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர், வெளுப்பவர், கோயில் காரியங்களுக்கு வேண்டியவர் தவிரப் பிறர் குடியேறக் கூடாது என்பது அன்றைய ஏற்பாடு. கம்பெனிக்குத் துணி வேண்டும், அதற்குத் தகுந்த ஆட்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே.

அதே பேட்டை பிறகு அமெரிக்க மிஷனின் நிலையங்களில் ஒன்றானது. மிஷன் இங்கே சீயோன் ஆலயத்தைக் கட்டியது 1847இல். அதே ஆண்டில் மதுரையின் அமெரிக்க மிஷன், சாதி பாராமல் சேர்ந்து உண்ணாதவர் சபையில் இருக்க முடியாது என்று நெருக்கியது. பலர் விலக்கப்பட்டார்கள். அதற்கு முன்பே 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப, வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெருங்கூட்டமாக முறுக்கிக்கொண்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1820களின் இறுதியில் இளம் மிஷனரிகள் மேல் சுமத்திய குற்றங்கள் நான்கு: வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குகிறார்கள், பூக்களை விலக்குகிறார்கள், கீர்த்தனைகளைத் தடுக்கிறார்கள். பூவையும் பாட்டையும் காப்பாற்ற நினைத்ததில் அவர் பக்கம் ஒரு பண்பாட்டு நியாயம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சாதியும் ஒரு பூவாகச் சேர்ந்துகொண்டதுதான் கொடுமை. மொழிபெயர்ப்பும் பந்தியும் ஒரே பட்டியலில் வந்திருப்பதையும் கவனிக்கலாம். எந்தச் சொல், எந்த இலை என்ற இரண்டும் அன்றைக்கே ஒரே சண்டை.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதி குறித்து ஒரு தீர்மானம் எழுதியது. பறையர் உட்பட எந்தச் சாதியார் சமைத்த உணவையும் தகுந்த சூழலில் உண்ண ஆயத்தமாக இருப்பதே ஒருவர் சாதியை விட்டதற்குச் சான்று என்றது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. சாதி மெல்ல மெல்லக் கரையும், அவசரம் வேண்டாம் என்றது. 'மெல்ல' என்பதும் 'முதலில் பிள்ளைகள்' என்பதும் ஒரே வரிசையின் இரண்டு பெயர்கள்.

அந்தத் தீர்மானம் அதன் காலத்துக்குத் துணிச்சலானது. ஆனால் அதன் இலக்கணத்தைப் பாருங்கள். உண்பவர்தான் எழுவாய், பறையர் சமைக்கிறவர். சென்னையில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையற்காரர்களாக இருந்தவர்களில் பறையர் நிறையப் பேர். அவர்கள் கைச்சோறு ஏற்கெனவே மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. சமைத்தவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று தீர்மானம் கேட்கவில்லை. மேல்சாதிக்காரரின் மனமாற்றத்தை அளக்கும் தராசாகத் தலித்தின் சோறு பயன்பட்டது. 1920களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு போட்ட விவகாரம் வெடித்தபோதும் தமிழக அரசியல் பந்தியை வைத்துத்தான் திரும்பியது. அங்கேயும் சமபந்தி யாருக்குச் சமம் என்ற கேள்வி பாதியில் நின்றது.

இன்றைய நிலைமை? எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தைச் செத்தவர்களுக்கு நடுவேயும் சுவர் வைத்துப் பிரித்திருந்ததை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. அரசின் மேசை இன்னொரு பக்கம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. தலித் கிறிஸ்தவர் சபைக்குள் தலித், சட்டத்துக்கு முன் கிறிஸ்தவர். இரண்டு மேசைக்கும் கீழே ஒரே ஆள்.

7

மாற்கு இந்தக் கதையை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால் ஒரு வழி திறக்கிறது. 6ஆம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேருக்கு உணவளிக்கிறார் இயேசு, யூதர்களின் நிலத்தில். மீதி 12 கூடை. 8ஆம் அதிகாரத்தில் மறுபடியும் நாலாயிரம் பேருக்கு. இடையில் அவர் தெக்கப்போலி வழியாக, பிற இனத்தார் பகுதியில் நடந்து வந்திருக்கிறார். இந்த இரண்டாவது கூட்டம் அவர்களுடையது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மீதி 7 கூடை. வயிறு நிறைதல் என்பதற்கு இரண்டு விருந்துகளிலும் வருகிற அதே வினைச்சொல்தான் தாயிடம் 'முதலில் பிள்ளைகள்' என்று சொன்னபோதும் வந்தது. முதல் விருந்துக்கும் இரண்டாவது விருந்துக்கும் நடுவில் கதவு மாதிரி இந்தத் தாய் நிற்கிறார்.

இரண்டாவது விருந்தில் மேசை கிடையாது. கூட்டத்தைத் தரையில் உட்காரச் சொல்கிறார். மேசை இல்லையென்றால் மேசைக்கடி இல்லை. துணிக்கை விழுவதற்கு இடம் இல்லை. மிஞ்சியதைக் கூடையில் பொறுக்கி எடுக்கிறார்கள், அது எச்சில் ஆகவில்லை. வாதம் நடந்த வீட்டில் தாய் திருப்ப முடியாத மேசையை மாற்கு அடுத்த அதிகாரத்தில் சத்தமில்லாமல் தூக்கி வெளியே வைத்துவிடுகிறார். இயேசு மன்னிப்புக் கேட்டதாகப் பிரதியில் இல்லை. இடம் மாற்றி உட்காரவைத்தார் என்று இருக்கிறது. எனக்கு அது போதுமானதாகவும் இருக்கிறது, போதாததாகவும் இருக்கிறது. அந்தத் தாய் அந்தப் பந்தியில் இருந்தாரா என்று மாற்கு சொல்லவில்லையே.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்று தன்னை அழைத்துக்கொண்டவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்கள் கட்டியவர். அவருடைய இறையியலின் மையம் 'ஒரே ஒலை'. உலை என்று எழுதிக்கொள்ளலாம், ஒலை என்று சொன்னால்தான் சூடு தெரிகிறது. எல்லாரும் கொண்டுவந்ததைப் போட்டு ஒன்றாகக் கொதித்து ஒன்றாக உண்பது. 1850 தீர்மானம் கேட்காமல் விட்ட கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. உலையில் சமைப்பவர், உண்பவர் என்ற பிரிவு இல்லை. அரிசி யாருடையது என்று தனியாகப் பிரிக்க முடியாது. மேசையில் இடம் கேட்பது ஓர் அரசியல், உலையைப் பொதுவாக்குவது இன்னொரு அரசியல். முதலாவதை இகழ எனக்கு உரிமையில்லை. அப்படிக் கேட்ட தாய்களால்தான் நாம் இருக்கிறோம். இரண்டாவது இல்லாமல் முதலாவது துணிக்கையில் முடியும் என்பதையும் மறைக்க முடியாது.

கடைசியாக, வசனத்தை என்ன செய்வது? வழிபாட்டு வாசகங்களிலிருந்து நீக்கிவிடலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வேண்டாம். மென்மையாக்கவும் வேண்டாம். அடுத்து தமிழில் விவிலியத்தைத் திருத்துகிறவர்கள் துணிக்கையை எடுத்துவிட்டு எச்சில் என்றே போடட்டும். தங்கள் மையமாக இருப்பவரே ஒரு வெளியாள் பெண்ணின் வாயால் திருத்தப்பட்டார் என்பதை ஒரு சமயம் தன் புனித நூலில் அழிக்காமல் வைத்திருக்கிறது. நம் கட்சிகளும் இயக்கங்களும் சிறுபத்திரிகைகளும் தங்கள் தலைவர்களைப் பற்றி இப்படி ஒரு பக்கத்தை விட்டுவைத்திருக்கின்றனவா? விட்டுவைத்திருந்தால் அந்தப் பக்கத்தில் பதில் சொன்னவரின் பெயரையாவது எழுதியிருக்கிறோமா?